ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: 1899 சுவானி அணியின் கதை எவ்வளவு உண்மை?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி 1899-இல் ரயிலேறிப் போய் ஆறே நாளில் ஐந்து ஃபுட்பால் ஆட்டம் ஆடி, ஐந்திலும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது நடந்ததா, நடந்திருந்தால் அவர்களை நாட்டின் சாம்பியன் என்று சொல்லலாமா, அந்தக் கல்லூரி பிறகு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் "மனுஷ உடம்பு இதைத் தாங்குமா" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். நான் டென்னசியில் பல வருடமாக ஃபுட்பால் அணிகளோடு பிசியோவாக வேலை பார்க்கிறவன், அந்தக் கல்லூரி இருக்கும் மலைக்கும் போயிருக்கிறேன், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால், நம் ஊர்க் கால்பந்து அல்ல.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. நாஷ்வில்லுக்கும் சட்டநூகாவுக்கும் இடையில் கம்பர்லாந்து மேட்டுநிலத்தின் மேல் சுவானி என்று ஒரு சின்ன ஊர். எபிஸ்கோபல் திருச்சபை 1857-இல் நிறுவிய யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத் அங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் அதை ஊர்ப் பெயரிலேயே சுவானி என்பார்கள். 1899-இல் ஆண்கள் மட்டும் படித்த, மாணவர் எண்ணிக்கை சில நூறைத் தாண்டாத இடம். நவம்பர் 9, வியாழக்கிழமை, ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என்று வென்றார்கள். மறுநாள் வெள்ளி ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 10–0, சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23–0. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, திருச்சபைக் கல்லூரி ஞாயிறு ஆடுவது அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத விஷயம். திங்கள் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு. என்கிற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0, செவ்வாய் மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12–0. ரயிலில் போய்வந்த தூரம் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். இந்தத் தேதிகளும் ஸ்கோரும் எதிரணிகளின் சொந்தப் பதிவேடுகளிலும் அப்படியேதான் இருக்கின்றன. தோற்ற பக்கமே ஒப்புக்கொண்ட கணக்கு என்பதால் இதில் ஊதிப் பெரிதாக்க இடமே இல்லை.

முழு சீசனையும் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். அக்டோபர் 21-இல் ஜார்ஜியாவோடு தொடங்கி டிசம்பர் 2-இல் வட கரோலினாவோடு முடித்தார்கள். சரியாக ஆறு வாரம், பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டிலும் வெற்றி. எடுத்த புள்ளி 322, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில், ஆபர்னிடம் போனது. அந்த ஆட்டத்துக்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் இந்த சீசனின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு பயணம் என்றால், பணம். சுவானிக்குப் பெரிய வசூல் தரும் ஆட்டம் நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட்டோடு ஆடுவது. டிக்கெட் வசூலைப் பிரிப்பதில் தகராறு வந்து அந்த வருடம் அந்த ஆட்டமே நடக்காமல் போனது. அணியின் மேனேஜர் லூக் லீ என்ற மாணவர், அப்போது வயது இருபது. போன இழப்பை ஈடுகட்ட அவர் யோசித்த வழி, வசூல் வரக்கூடிய ஊர்களாகப் பார்த்து அடுத்தடுத்த நாளில் ஆட்டத்தை வைத்து ஒரே பயணத்தில் முடித்துவிடுவது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் ஓட்டல் செலவும் சாப்பாட்டுச் செலவும் வருமானத்தைத் தின்றுவிடும், அதனால் இரவில் தூங்கும் பெட்டியில் பயணம், பகலில் மைதானம். இந்த லூக் லீ பின்னால் டென்னசியிலிருந்து அமெரிக்க செனட்டர் ஆனவர். 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் பேரரசர் கைசரைத் தூக்கிக்கொண்டு வரச் சில வீரர்களோடு காரில் கிளம்பிப் போன ஆளும் இவரே. அந்த சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் 1899-இன் அட்டவணை அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது.

இனி உடம்பு பற்றிய கேள்வி. இன்றைய ஆட்டத்தை மனதில் வைத்து இதை யோசித்தால் தப்பாகிவிடும். 1899-இல் பந்தை முன்னோக்கி வீசக் கூடாது, அந்த அனுமதி 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும், பந்து உங்களிடமே இருக்கும். அதனால் ஆட்டம் பெரும்பாலும் நடுவில் முட்டி மோதித் தள்ளுவதுதான். பந்து வைத்திருப்பவனைத் தன் அணிக்காரர்களே பின்னாலிருந்து தள்ளுவார்கள், முன்னாலிருந்து இழுப்பார்கள். திறந்த வெளியில் முப்பது நாற்பது கஜம் ஓடிவந்து முழு வேகத்தில் மோதிக்கொள்வது இன்றைக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. ஆட்களும் முன்வரிசையில் நின்று மோதும் இன்றைய கல்லூரி லைன்மேனோடு ஒப்பிட்டால் சின்ன உருவம். விதிப்படி இரண்டு பாதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம் என்றாலும், இருட்டுகிறது, ரயிலுக்கு நேரமாகிறது என்று இரு கேப்டன்களும் பேசிப் பாதியைக் குறைத்துக்கொள்வது அன்று வழக்கம். இதெல்லாம் அவர்களுக்குச் சாதகமான பக்கம்.

பாதகமான பக்கம் இதைவிடப் பெரியது. பதினொரு பேரும் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆட வேண்டும், தாக்குதலுக்கு ஒரு அணி தடுப்புக்கு வேறொரு அணி என்பதெல்லாம் பல பத்தாண்டு கழித்து வந்தது. வெளியே போனவன் மறுபடி உள்ளே வர முடியாது, அதனால் அடிபட்டவன் லேசில் வெளியே போக மாட்டான். ஹெல்மெட் கட்டாயம் இல்லை, பெரும்பாலோர் போடவும் இல்லை. கிளம்பிய வீரர்கள் சுமார் இருபது பேர்தான், அதிலும் திரும்பத் திரும்ப ஆடியது அதே சில பேர். என் வேலையில் நான் வாராவாரம் பார்ப்பதைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஆடிய பையனுக்கு ஞாயிறு எழுந்ததும் வலி ஆரம்பித்து, திங்கள் செவ்வாயில்தான் உச்சத்துக்கு வரும். கடுமையான உழைப்புக்குப் பிறகு தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஏறுவதுதான் இயல்பு. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்துபோனால் நல்ல சாப்பாடு கிடைத்தாலும் திரும்பி நிறைய ஒரு முழு நாளாவது வேண்டும். அந்தக் கணக்கில் வியாழன், வெள்ளி ஆட்டங்களின் வலி சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கும். அன்றைக்கு 23 புள்ளி எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு ஓய்வு அவர்களைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன், இருந்தாலும் திங்களும் செவ்வாயும் மறுபடி அடுத்தடுத்து ஆடியிருக்கிறார்கள். தாங்குமா என்று கேட்டால், சில உடம்பு தாங்கும், இளம் வயதில் தாங்கும், ஆனால் அதற்கான விலையை அந்த வாரமே கொடுத்து முடித்துவிட முடியாது.

இந்த இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ரயிலில் கால் பரோஸ் என்று ஒரு கறுப்பின மனிதர் கூடப் போனார். அணியின் உடம்பைப் பிடித்துவிட்டுத் தேறவைப்பது அவர் வேலை. இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலங்கள் வழியாக, வெள்ளையர் மட்டும் ஆடிய அணிகளுக்கு நடுவே, ஓடும் ரயில் பெட்டியில் ஒவ்வொரு இரவும் அடிபட்ட கால்களையும் தோள்களையும் தேய்த்துவிட்டு, மறுநாள் பிற்பகலுக்குள் பதினொரு பேரை நிற்கவைத்திருக்கிறார். ஐஸ் பாத் கிடையாது, வலி மாத்திரை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. வீரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இவரை ஒரே வரியில் கடந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த ஆறு நாளில் யாருடைய வேலை மிகக் கடினம் என்று என் தொழில்காரர்கள் யாரைக் கேட்டாலும் அவரைத்தான் காட்டுவார்கள்.

அப்புறம் கதைகள். இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். சுவானி ஊற்றுத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் நிரப்பி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. இது ஸ்கோர்போல இரு தரப்பும் பதிந்த செய்தி இல்லை, ஆனால் நம்ப முடியாததும் இல்லை. டைஃபாய்டு சாதாரணமாகப் பரவிய காலத்தில், ஐந்து ஊரில் ஐந்து விதத் தண்ணீர் குடித்து ஒரு ஆளுக்கு வயிறு கெட்டாலும் மாற்று ஆள் இல்லாத அணிக்கு அது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆட்டக் காலணிகளை ஊர் ஸ்டேஷனிலேயே மறந்துவிட்டுப் போய், பின்னால் வந்த ரயிலில் வரவழைத்தார்கள் என்பது இன்னொன்று, இதையும் அதே தட்டில் வையுங்கள். கேப்டன் ஹென்றி சீபல்ஸ் டெக்சஸ் ஆட்டத்தில் மண்டை கிழிந்தும் வெளியே போகாமல் ஆடினார் என்று சொல்கிறார்கள். அன்றைய மாற்று ஆள் விதியை யோசித்தால் எனக்கு இது நடந்திருக்கும் என்றே படுகிறது, பெருமைப்படத் தோன்றவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. "ஏழாம் நாள் அவர்கள் ஓய்ந்திருந்தார்கள்" என்று பைபிள் நடையில் முடிக்கும் ஒரு வசனம் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டே வரும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தேதியைப் பார்த்தால் அவர்கள் ஓய்வெடுத்தது நான்காம் நாள்.

எதிரணிகள் எவ்வளவு தரம் என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். டுலேன் அந்த வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எல்.எஸ்.யு. ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆக ஐந்தில் இரண்டு பலவீனமான அணிகள், டெக்சஸும் ஏ அண்ட் எம்மும்தான் உண்மையான சோதனை, அவர்களோடு வித்தியாசமும் அதற்கேற்றபடி சின்னதாக இருக்கிறது. ஒரு புள்ளியும் கொடுக்காமல் ஜெயிப்பதும் அந்தக் காலத்தில் இன்று போல் அபூர்வம் இல்லை. பந்தை வீச முடியாத ஆட்டத்தில் பலமான அணிக்கு எதிராகப் பந்தோடு அவர்களின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பதே கஷ்டம். 1888-இல் யேல் அணி சீசன் முழுக்க 698–0, 1901-இல் மிச்சிகன் 550–0. இதனால் சுவானியின் சாதனை குறைந்துவிடாது. அதை அளக்க ஸ்கோரில் இருக்கும் பூஜ்யங்கள் நல்ல அளவுகோல் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அளக்கும் இடம் நவம்பர் கடைசி. நவம்பர் 30, நன்றி நவிலும் நாள், மான்ட்கோமரியில் ஆபர்னோடு ஆட்டம். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன், இன்று கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதுக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்களோ அவரே. அவர் அணி ஒரு முயற்சி முடிந்து எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும் வேகத்துக்குப் பழகியிருந்தது. சோர்ந்த கால்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. அந்த சீசனில் முதலும் கடைசியுமாக சுவானியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். முடிவு 11–10. அன்று டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு, ஐந்து புள்ளி, அதற்குப் பிறகு உதைக்கும் உதை உள்ளே போனால் ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளியில் ஒரு சீசனே தொங்கியிருக்கிறது. நடுவர் தீர்ப்புகள் தவறு என்று ஹைஸ்மன் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். ஆபர்ன்தான் அன்று நன்றாக ஆடியது என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த வாதத்தைத் தீர்க்க யாராலும் முடியாது, ஏனென்றால் அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் இல்லை, கோபத்தோடு எழுதிய சாட்சியங்கள் மட்டும் இருக்கின்றன.

அது முடிந்து இரண்டே நாள், டிசம்பர் 2, அட்லாண்டாவில் வட கரோலினா. அந்த அணி முந்தைய வருடம் ஒன்பது ஆட்டமும் ஜெயித்து ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்த அணி. ஆபர்ன் அடித்த அடியோடு போய் 5–0 என்று ஜெயித்தார்கள், ஆட்டம் முழுக்க ஒரே ஒரு முறைதான் யாரோ புள்ளி எடுத்திருக்கிறார்கள். ரயில் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பலமான இரண்டு அணி, நடுவில் ஒரே ஒரு நாள், பத்து ஆட்டம் ஆடி முடித்த உடம்பு. டுலேனையும் எல்.எஸ்.யு.வையும் வென்றதைவிட இது எனக்குப் பல மடங்கு பெரிது.

சாம்பியனா என்றால், ஆம், தெற்கின் சாம்பியன். தெற்குக் கல்லூரிகள் 1894-இல் உருவாக்கிய எஸ்.ஐ.ஏ.ஏ. என்ற சங்கத்தின் பட்டம் அந்த வருடம் சுவானிக்கு, அதில் கேள்வியே இல்லை. நாட்டின் சாம்பியன் என்ற ஒன்றைக் கொடுக்க 1899-இல் ஓர் அமைப்பே கிடையாது, இன்று கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் முன்னோடி அமைப்பு பிறந்ததே 1906-இல். பின்னாளில் பழைய சீசன்களைப் புரட்டிப் பட்டம் கொடுத்த ஆட்கள் 1899-க்கு ஹார்வர்டையும் சிலர் பிரின்ஸ்டனையும் சொன்னார்கள். ஹார்வர்ட் அந்த வருடம் பத்து வெற்றி, யேலோடு ஒரு டிரா. வடகிழக்கின் அந்தப் பெரிய அணிகளோடு சுவானி ஒரு முறைகூட மோதவில்லை. அதனால் மோதியிருந்தால் ஜெயித்திருக்கும் என்றோ தோற்றிருக்கும் என்றோ யார் உறுதியாகச் சொன்னாலும் அது ஆசையில் சொல்வது. ஒன்று மட்டும் சொல்லலாம்: சுவானியின் பயிற்சியாளர் பில்லி சூட்டர் பிரின்ஸ்டனில் படித்து ஆடியவர், ஆக வடக்கின் ஆட்டமுறை இந்த மலைக்குத் தெரியாத வித்தை இல்லை.

விலை என்று மேலே சொன்னேன். ஃபுல்பேக், அதாவது பின்னாலிருந்து பந்தோடு ஓடி மோதுகிறவர், ஆர்மண்ட் சிம்கின்ஸ் அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் கருதுகிறார்கள். ஆட்டத்தில் பட்ட காயங்களால் பின்னாளில் அவருக்கு இரண்டு கால்களையும் எடுக்க வேண்டிவந்தது என்று சொல்லப்படுகிறது. எந்தக் காயம், எப்போது பட்டது என்று இவ்வளவு வருடம் கழித்துப் பிரித்துச் சொல்ல வழி இல்லை. ஆனால் முழங்கால் வீங்கிய பையன் "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்று என்னிடம் கெஞ்சும்போதெல்லாம் எனக்கு சிம்கின்ஸ் நினைவுதான் வரும். எல்லோர் கதையும் அப்படி முடியவில்லை. "வைல்ட் பில்" என்று எதிரணிகள் நடுங்கிய வில்லியம் கிளேபோர்ன் குருவானவராகி அதே மலைப்பகுதியில் ஏழைகளுக்காகப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்த உழைத்தார்.

கல்லூரி பிறகு என்ன ஆனது என்றும் கேட்டிருந்தீர்கள். எஸ்.இ.சி. என்ற பெரிய லீக் 1932-இல் தொடங்கியபோது சுவானி அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. 1899-இல் ரயிலில் போய் அடித்துவிட்டு வந்த எல்.எஸ்.யு., மிசிசிப்பி, டுலேன் எல்லாம் அங்கேயும் இருந்தன, ஆனால் அதற்குள் அவை பெரிய பல்கலைக்கழகங்களாக வளர்ந்துவிட்டன. லீக்கில் ஆடிய 37 ஆட்டத்திலும் சுவானி தோற்றது, 1940-இல் வெளியேறியது. இன்று விளையாட்டு உதவித்தொகையே கொடுக்காத மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் அந்த மைதானத்துக்குப் போய் உட்காருங்கள், 1890-களிலிருந்து அங்கேதான் ஆடுகிறார்கள், அக்டோபரில் போனால் சுற்றியிருக்கும் மரமெல்லாம் சிவந்து கிடக்கும்.